மூலை மழுங்கிய 17 நம்பர் நட்: கரோலா பின் லிங்க் கழலவில்லை

விசுவமடு_கரோலா | சனி, பிற்பகல் 2.10

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ரொயோட்டா கரோலா 110. கிறவல் வீதியில் இறக்கினால் பின் வலது சில்லுப் பக்கம் டொக் டொக் என்று அடிக்கிறது. ஜக் வைத்துத் தூக்கி, கீழே முட்டும் கொடுத்துவிட்டுப் படுத்துப் பார்த்தேன். சில்லைக் காரின் உடலோடு இணைத்துக் குறுக்கே போகும் இரும்புத் தண்டின் (லிங்க்) உட்பக்கத்தில், போல்ட் நுழையும் ரப்பர் உறை (புஷ்) கிழிந்து ரப்பர் வெளியே தொங்குகிறது. புஷ்ஷோடு சேர்ந்த லிங்க் ஒன்றைக் கிளிநொச்சியில் வாங்கி வைத்துவிட்டேன். மாட்டத்தான் முடியவில்லை.

அப்பாவின் ஸ்பானர் பெட்டியில் அந்த லிங்க்கின் போல்ட்டில் உள்ள 17 நம்பர் (மில்லிமீற்றர்) நட்டுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துப் போட்டு, மூன்றடிப் பைப் ஒன்றையும் செருகி இழுத்தேன். ‘டக்’ என்றது. கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் குனிந்து பார்த்தால் நட் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆறு மூலையும் மழுங்கிவிட்டது. இப்போது எதைப் போட்டாலும் வழுக்குகிறது.

திங்கள் காலை அம்மாவை வவுனியாவுக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். போய் வர இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. பழையபடி பூட்டிக்கொண்டு ஓட எனக்குப் பயமாக இருக்கிறது. ஆராவது வழி சொல்லுங்கள்.

ஏ9_வான்காரன் | சனி, 2.35

தம்பி, யோசிக்காதே. காஸ் ரோச் ஒன்றை எடுத்து நட்டை நன்றாகச் சிவக்கப் பிடி. இரும்பு விரியும், கறள் வெடிக்கும், வைஸ் கிறிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்தால் சுத்திக்கொண்டு வரும். என்னுடைய டொல்பின் வானின் பின் ஷொக் நட் இரண்டையும் அப்படித்தான் கழற்றினேன்.

பழைய_ஸ்பானர் | சனி, 2.50

தம்பி, ரோச்சைக் கையில் எடுக்காதே. முதலில் இதை வாசி.

அந்தக் காரில் பெற்றோல் ராங்க் இருப்பது பின் சீற்றுக்குக் கீழே. நீ பிடிக்கப்போகும் நட் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிழிந்த ரப்பரும் எரியும், ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் அதுவும் எரியும், பிறேக் குழாயும் அந்தப் பக்கத்தால்தான் போகிறது. வான்காரத் தம்பி சொன்னது அவருடைய வானுக்குச் சரியாக வந்திருக்கலாம். இந்த இடத்துக்கு அது வேண்டாம். அவரோடு எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி ஒரு கேள்வி. நீ போட்ட ஸ்பானரில் என்ன எழுதியிருக்கிறது? துடைத்துவிட்டுப் பார்த்துச் சொல்.

விசுவமடு_கரோலா | சனி, 3.05

ஐயா, அழுக்கைத் தேய்த்துப் பார்த்தேன். 11/16 என்று இருக்கிறது. மற்றப் பக்கம் 5/8. 17 நம்பர் நட்டில் நன்றாக இறங்கியதால் அதுதான் 17 என்று நினைத்தேன்.

பழைய_ஸ்பானர் | சனி, 3.40

அதைத்தான் நினைத்தேன்.

அப்பாவிடம் மஸி பெர்கசன் உழவு இயந்திரம் இருந்ததா? அந்தப் பெட்டி அதோடு வந்ததாக இருக்கும். பழைய மஸிக்கு அங்குல ஸ்பானர், ஜப்பான் காருக்கு மில்லிமீற்றர் ஸ்பானர். 11/16 அங்குலம் என்பது 17.46 மில்லிமீற்றர். 17 நட்டில் போட்டால் அரை மில்லிமீற்றருக்குக் கிட்ட ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தோடு நீ மூன்றடிப் பைப்பில் தொங்கினால் ஸ்பானர் நட்டின் தட்டைப் பக்கத்தைப் பிடிக்காது, மூலையில் மட்டும் ஏறும். மூலை போகாமல் என்ன செய்யும்? 9/16 இன்னொரு கள்ளன். அது 14.29, 14 நட்டில் அழகாக இறங்கும், அழகாகவே மழுக்கும். 3/4 மட்டும் 19.05 வருவதால் 19க்குத் தாராளமாகப் போடலாம்.

வன்னியில் பாதி வீட்டில் இந்த இரண்டு வகை ஸ்பானரும் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. கறள் பிடித்ததால் மழுங்கியது என்று என்னிடம் வந்த நட்களில் பலவற்றைக் கெடுத்தது கறள் இல்லை, ஸ்பானர்தான்.

சரி, இனிச் செய்ய வேண்டியது. இன்றைக்குக் கழற்றும் எண்ணத்தை விடு. கம்பித் தூரிகையால் நட்டையும் வெளியே நீட்டும் புரியையும் மினுங்க மினுங்கத் தேய். புரிக்குள் மண் அடைந்திருந்தால் ஊசியால் கிளறி எடு. மாரி முழுக்க வயல் வீதியில் ஓடிய கார் என்றால் அந்த மண் சீமெந்துபோல இறுகியிருக்கும், அதற்குமேல் எண்ணெய் விடுவது வீண். பிறகு ஊடுருவும் எண்ணெயை விட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டுச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் பத்துத் தட்டுத் தட்டு. உடைக்கிற அடி வேண்டாம். அதிர்வு போனால் போதும், கறளில் மயிர்போல வெடிப்பு விழும், எண்ணெய் அதற்குள் தானாக இறங்கும். இரவு முழுக்க ஊறட்டும்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்களுக்குப் பெற்றோல் கிடைப்பதே அரிது. மண்ணெண்ணெயில் ஓடும் வண்டிக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வோம். ஒரு போல்ட் முறிந்தால் இன்னொன்று வராது. அதனால் ஒரு நட்டுக்கு இரண்டு நாள் ஊற விடுவது எங்களுக்குச் சாதாரண வேலை. அந்தக் காலத்தில் நான் முறித்த போல்ட் மிகக் குறைவு. கையில் எல்லாம் இருக்கிற இப்போதுதான் பிள்ளைகள் முறிக்கிறார்கள்.

வட்டக்கச்சி_வயல் | சனி, 4.15

ஐயா சொன்னதற்கு நான் சாட்சி. எங்கள் அப்பாவின் மஸி 135 இன்னும் ஓடுகிறது. பட்டா லொறியும் வாங்கிய பிறகு இதே குழப்பத்தில் அதன் இரண்டு நட்டை நாசமாக்கினேன். இப்போது அங்குல ஸ்பானர் எல்லாவற்றின் நடுவிலும் சிவப்புப் பெயின்ற் அடித்து, உரப்பை ஒன்றில் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். சிவப்பு இருந்தால் காருக்கும் லொறிக்கும் கிட்டவும் கொண்டுபோவதில்லை. என் மகனுக்குப் பத்து வயது, அவனுக்கும் அது தெரியும்.

முல்லைக்கடல் | சனி, 5.20

எண்ணெய் விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டபிள்யூடி-40 என்ற நீல மஞ்சள் தகரத்தை எல்லோரும் கறளுக்கு மருந்தாக நினைக்கிறார்கள். அந்தப் பெயரின் பொருளே ‘நீரை அகற்றுவது, 40ஆவது முயற்சி’ என்பதுதான். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவாக்கியது ஈரம் தங்காமல் காக்க. லேசான கறளுக்கு அது காணும். இறுகிப்போன சஸ்பென்சன் போல்ட்டுக்கு அதைவிட மெல்லியதாக ஊறும் எண்ணெய் வேண்டும்.

நான் முல்லைத்தீவில் படகு எஞ்சின் வேலை செய்கிறவன். ஓட்டோமற்றிக் கியருக்கு விடும் சிவப்பு எண்ணெயில் பாதி, அசிற்றோன் பாதி கலந்து பாவிக்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று நிற்காது, ஒவ்வொரு முறையும் போத்தலைக் குலுக்கித்தான் விட வேண்டும். அசிற்றோன் பெற்றோல் மாதிரித் தீப்பிடிக்கும், பெயின்ற்றையும் தின்னும். அதை விட்ட இடத்தில் நெருப்பு, கிறைண்டர் எதுவும் கூடாது. அசிற்றோன் கிடைக்காவிட்டால் வெறும் டீசலை இரவு முழுக்கத் துணியில் நனைத்துச் சுற்றி வைத்தாலும் பலன் உண்டு.

உப்புக் காற்றடிக்கும் நந்திக்கடல் பக்கம் நிற்கிற வண்டிக்கும் கடலுக்குத் தள்ளி மல்லாவியில் நிற்கிற வண்டிக்கும் கறளில் எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் கண்டவன் நான். அதே வயது, அதே கார். இங்கே நட்டின் தலை செதில் செதிலாக உரியும். அங்கே மண்ணைக் கழுவினால் போல்ட் தெரியும்.

ரொறன்ரோ_குளிர் | சனி, 9.50

ஊர் புதுக்குடியிருப்பு, இப்போது கனடா. இங்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், ஐந்து வயதுக் காருக்கே அடியில் கறள் பிடிக்கும். முல்லைக்கடல் அண்ணை சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.

நான் சேர்ப்பது ஒன்றுதான். கழற்றும் பக்கம் இழுப்பதற்கு முதல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். கறள் எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைவு உடைவுதான். அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்றாமல் கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. கறள் இரும்பைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இடம் பிடிக்கும். அந்தத் தூள் வெளியே வர வழி கொடுக்காமல் சுற்றினால் புரிக்குள்ளேயே அரைபட்டு இன்னும் இறுகும்.

விசுவமடு_கரோலா | ஞாயிறு, காலை 9.30

நட் கழன்றுவிட்டது!

இரவு பதினொரு மணி வரை எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனா. காலையில் ஐயா தொலைபேசியில் சொன்னபடி தட்டை அரம் ஒன்றால் நட்டின் எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் 16க்கு இறக்கத் தொடங்கினேன். பாதி அராவியதும் பக்கத்து வீட்டு அண்ணை தன்னுடைய பன்னிரண்டு மூலை 16 சொக்கற்றைக் கொண்டு வந்தார். அதை நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினோம். ஏறும்போது இரும்பு சுருள் சுருளாகச் சீவுப்பட்டு விழுந்தது. நீட்டுக் கைபிடியைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம், பிறகு மற்றப் பக்கம். பழைய கதவுக் கீல் மாதிரி ஒரு நீண்ட கிறீச். அதற்குப் பிறகு கால் கால் சுற்றாக இருபது நிமிடம். புரியிலிருந்து செங்கல் தூள் மாதிரிச் சிவப்பு மா எண்ணெயோடு வடிந்துகொண்டே இருந்தது.

இனி அடுத்த பிரச்சினை. நட் போனாலும் போல்ட் வெளியே வரவில்லை. தலையைத் திருப்பினால் திரும்புகிறது, ஆனால் லிங்க்கின் ரப்பரையும் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. விட்டால் சுருள்கம்பி மாதிரித் திரும்பி வந்து நிற்கிறது.

நெடுங்கேணி_ஸ்கூட்டி | ஞாயிறு, 9.45

வாழ்த்துகள் தம்பி. ஒரு சந்தேகம். ஒரு இடத்தில் ஆறு மூலை சொக்கற்தான் நல்லது என்று படித்தேன், நீங்கள் பன்னிரண்டு மூலையை அடித்திருக்கிறீர்கள். எது சரி?

பழைய_ஸ்பானர் | ஞாயிறு, 10.05

தங்கச்சி, நல்ல கேள்வி. மூலை சரியாக இருக்கிற நட்டுக்கு எப்போதும் ஆறு மூலை. அது தட்டைப் பக்கத்தில் அழுத்தும். மூலை போன பிறகு சின்ன அளவை அடித்து ஏற்றுவதற்குப் பன்னிரண்டு மூலை. அதன் கூரான பற்கள் நட்டை வெட்டிக்கொண்டு பிடிக்கும். அடித்து ஏற்றிய சொக்கற் பழுதாகும், பழையதைத்தான் எடுக்க வேண்டும்.

விசுவமடுத் தம்பிக்கு: உன்னுடைய போல்ட் புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு கறளால் ஒட்டிவிட்டது. அந்தக் குழாய் ரப்பரோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே நீ திருப்புவது ரப்பரைத்தான். எண்ணெய் அந்தக் குழாய்க்குள் இலேசில் போகாது, இரண்டு முனையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காரின் தகட்டுக்குள் நெருக்கமாக இருக்கிறது. நட்டைப் புரியின் நுனிக்குச் சமமாகத் திரும்பப் போட்டு, அதன்மேல் செம்புத் துண்டு வைத்து நாலைந்து பலமான அடி அடித்துப் பார். நட் போட்டிருந்தால் புரி நசியாது. அசைந்தால் அதிர்ஷ்டம்.

அசையாவிட்டால் அறுத்துவிடு. தகட்டுக் காதுக்கும் லிங்க்குக்கும் இடையில் ரப்பர் பிதுங்கும் இடுக்கில், இரண்டு பக்கமும். பழைய லிங்க் எப்படியும் எறியப்போவது, போல்ட்டும் கெட்டது. அவற்றைக் காப்பாற்ற நினைத்து நாளைப் போக்காதே. காப்பாற்ற வேண்டியது தகட்டுக் காதை மட்டும். கிறைண்டர் வேண்டாம், பொறி பறக்கும் இடத்தில் ராங்க் இருக்கிறது. இரும்பறுக்கும் ஹக்சோ அலகு, அங்குலத்துக்கு 24 பல், நல்ல தரமானது இரண்டு வாங்கு. கைபிடி நுழையாது, அலகின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் அறு. கண்ணுக்குக் கண்ணாடி போடு. மல்லாந்து படுத்து அறுக்கும்போது தூள் நேரே கண்ணுக்குள் விழும்.

கரடிப்போக்கு_வெல்டிங் | ஞாயிறு, 11.20

நான் ஒட்டுவேலைக்காரன். இந்தத் தம்பிக்கு என் தொழில் தேவைப்படாமல் போனது நல்லது. ஆனால் பின்னால் இதை வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தலை முழுக்க உருண்டு, அரம் கூடப் பிடிக்காத போல்ட்டுக்கு மேலே கொஞ்சம் பெரிய நட் ஒன்றை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளால் போல்ட்டோடு சேர்த்து ஒட்டினால் புதுத் தலை கிடைக்கும். அதோடு அந்தச் சூடு போல்ட் வழியே இறங்கிக் கறளின் பிடியைத் தளர்த்தும். ஒட்டியதும் சிவப்பு அடங்கும் வரை பொறுத்து, கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பவர்கள் இருக்கிறார்கள். கடினமான போல்ட் என்றால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், செய்யாதீர்கள்.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் வண்டியில் ஒட்டுவேலை செய்யவே கூடாது. ஏர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொழுவுங்கள். இன்னொன்று, இதற்காகத்தான் எழுத வந்தேன். குளோரின் கலந்த பிறேக் கிளீனரால் கழுவிய இடத்தில் ஒட்டவோ நெருப்புப் பிடிக்கவோ வேண்டாம். போஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். கொஞ்சம் சுவாசித்தாலும் நுரையீரலைக் கெடுக்கும், சில மணித்தியாலம் கழித்துத்தான் தெரியவரும். தகரத்தில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வேலைக்கு இறங்குங்கள்.

ஏ9_வான்காரன் | ஞாயிறு, 11.40

ராங்க் அவ்வளவு கிட்ட என்று நான் யோசிக்கவில்லை. ஐயா மறித்தது நல்லது. தம்பி, நான் சொன்னதை விட்டுவிடு.

நெடுங்கேணி_ஸ்கூட்டி | ஞாயிறு, 12.10

பேச்சைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். என் ஸ்கூட்டியின் சைலன்சர் எஞ்சினில் சேரும் இடத்தில் 6 மில்லிமீற்றர் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று முறிந்து, பாதி உள்ளே நிற்கிறது. எஞ்சின் தலை அலுமினியம். கடையில் ஒருவர் துளைத்து, முறிந்ததைக் கவ்வித் திருப்பும் ‘ஈசி அவுட்’ போட்டு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

முல்லைக்கடல் | ஞாயிறு, 12.40

அக்கா, கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் ஈசி அவுட் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தியதும் மெழுகுதிரியை ஸ்டட்டின் அடியில் உரசுங்கள். உருகிய மெழுகு புரிக்குள் உறிஞ்சப்படும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சூட்டில் ஓட்டை தளர்ந்து கொடுக்கும். வைஸ் கிறிப்பால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள்.

வெளியே ஒன்றுமே இல்லாவிட்டால் துளைத்துத்தான் ஆக வேண்டும். இடதுபக்கம் சுற்றும் துளைபிற் கிடைத்தால் அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், துளைக்கும்போதே ஸ்டட் சுற்றிக்கொண்டு வெளியே வரச் சாத்தியம் உண்டு. ஈசி அவுட் கடினமான உருக்கு. 6 மில்லிமீற்றருக்குள் போடும் அளவு ஈர்க்குத் தடிப்பு. அது உள்ளே முறிந்தால் சாதாரண பிற் எதுவும் அதைத் துளைக்காது, பிறகு எஞ்சின் தலையைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டிவரும்.

விசுவமடு_கரோலா | ஞாயிறு, பிற்பகல் 4.50

அறுத்துவிட்டேன். ஒரு பக்கம் முக்கால் மணித்தியாலம், மற்றப் பக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மூன்று அலகு போனது. கடைசி இரண்டு மில்லிமீற்றரில் கை நடுங்கத் தொடங்கியதால் பக்கத்து வீட்டு அண்ணை வாங்கி அறுத்தார்.

லிங்க் விழுந்ததும் வெட்டு முகத்தைத் துடைத்து வெயிலில் பார்த்தேன். போல்ட்டும் குழாயும் ஒரே இரும்பு மாதிரி மினுங்குகின்றன. நடுவில் கபில நிறத்தில் ஒரு வட்டக் கோடு, பென்சிலால் கீறியதுபோல மெல்லியது. அந்தக் கோடுதான் இரண்டு நாளாக என்னை மறித்தது. தகட்டுக் காதில் கீறல்கூட இல்லை.

புதுப் போல்ட்டுக்கு ஹாட்வெயார் கடையில் கேட்டேன். 12 மில்லிமீற்றர் போல்ட் இருக்கிறது, நீளமும் சரி, ஆனால் பழைய நட் அதில் ஏறவில்லை.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு, 5.05

அதை வாங்காதே. ஹாட்வெயார் கடையில் இருப்பது 1.75 புரி, அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையில் 1.75 மில்லிமீற்றர். ஜப்பான் காரில் அந்தத் தடிப்புக்கு 1.25 புரி. அதைவிட முக்கியம் தரம். கூரைக்கும் கேற்றுக்கும் போடும் போல்ட் சில்லைத் தாங்காது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று அடித்திருக்கும், ஜப்பான் போல்ட்டில் சில நேரம் ஒரேயொரு எண் மட்டும் இருக்கும். உன் பழைய போல்ட்டின் தலையில் உள்ளதற்குக் குறையாமல் எடு. பழைய கார்களை உடைத்து விற்கும் கடையில் அதே இடத்துப் போல்ட்டை நட்டோடு கேட்டு வாங்கு. கிளிநொச்சியிலேயே கிடைக்கும், கொழும்புப் பஞ்சிகாவத்தை வரை போக வேண்டியதில்லை. 2020இல் கார் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் இந்தப் பழைய கார்களின் கழிவில்தான் எங்கள் ஊர் ஓடியது.

பூட்டும்போது புஷ் குழாயின் உள்ளேயும் போல்ட்டின் உடம்பிலும் கிறீஸ் பூசு. புரியில் வேண்டாம். புரி வழுக்கினால் மனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கினாலும் போல்ட் அதைவிட அதிகம் இழுபடும். சில்லு நட்டுக்கும் இதே கதைதான், எண்ணெய் விடாதே.

இன்னொன்று, இதைப் பலர் விடுகிறார்கள். கார் ஜக்கில் தொங்கும்போது அந்த நட்டை முழுக்க இறுக்காதே. கையால் ஓட்டி வைத்துவிட்டு, சில்லை மாட்டிக் காரை நிலத்தில் இறக்கி, அதன் பாரம் சில்லில் நிற்கும்போது இறுக்கு. தொங்கலில் இறுக்கினால் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், புது புஷ்ஷும் கெதியில் கிழியும்.

விசுவமடு_கரோலா | திங்கள், இரவு 8.15

நேற்று ஆறு மணிக்குக் கடை பூட்டுவதற்கு முதல் போல்ட் கிடைத்தது. இரவு லைற் வெளிச்சத்தில் பூட்டி, நிலத்தில் இறக்கி இறுக்கினேன். நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடும் போட்டேன்.

இன்று காலை நாலரைக்கு வெளிக்கிட்டோம். பரந்தனில் ஏறி, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வவுனியா போய் இப்போதுதான் வீடு திரும்பினோம். சத்தம் இல்லை. அம்மா வழியில் நித்திரை கொண்டா, போன மாதம் அந்த அடியில் அவவால் முடியவில்லை.

ஐயா, அண்ணைமார், எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் ஸ்பானர்களுக்கு நாளைக்குச் சிவப்புப் பெயின்ற் அடிக்கிறேன்.

பழைய_ஸ்பானர் | திங்கள், 8.40

சந்தோசம் தம்பி. இருநூறு கிலோமீற்றர் ஓடிவிட்டது, படுக்கப்போக முதல் ரோச் லைற் பிடித்து அந்த வெள்ளைக் கோட்டை ஒருக்காப் பார்.

விசுவமடு_கரோலா | திங்கள், 8.55

பார்த்துவிட்டேன் ஐயா. கோடு விலகவில்லை.

நெடுங்கேணி_ஸ்கூட்டி | செவ்வாய், காலை 7.20

மூன்று தரம் சூடாக்கி மெழுகு விட்டேன். ஸ்டட் முழுதாக வந்துவிட்டது. புதியதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஆராவது சொல்லுங்கள்.